நடந்தே பார்க்கும் சிலம்பு: நாகமலை அடிவாரத்தில் மூன்று மணி நேரம்

சிலப்பதிகாரத்தை நாடகமாகப் பார்த்தவர்கள் அநேகமாக வழக்குரை காதையைத்தான் பார்த்திருப்பார்கள். அரசவை, கையில் ஒற்றைச் சிலம்பு, உடைத்ததும் தெறிக்கும் மாணிக்கம். நாகமலை அடிவாரத்தில், கீழக்குயில்குடியைத் தாண்டி ஒரு கண்மாயைச் சுற்றி தை, மாசியில் நடத்தும் இந்த நாடகத்தில் அந்தக் காட்சியே கிடையாது. புகாரை விட்டுக் கிளம்பியதில் தொடங்கி வையையைக் கடந்ததும் முடிந்துவிடுகிறது. நடுவில் உள்ள நடைதான் மொத்த நாடகமும். கண்ணகி, கோவலன், அவர்களுக்கு வழித்துணையான சமணத் துறவி கவுந்தி ஆகியோரோடு பார்க்க வந்தவர்களும் நடக்க வேண்டும். ஐந்து இடங்கள், இரண்டே கால் கிலோமீட்டர், மூன்று மணி நேரம். ஆளுக்கு 400 ரூபாய், ஒரு நாளைக்கு 80 பேர்.

கட்டாயம் போகலாம். ஆனால் சினிமாவுக்குப் போவது மாதிரி கிளம்பிப் போனால் பாதி நாடகம் காலில் குத்திய முள்ளோடு போய்விடும். குழு திருத்திக்கொள்ள வேண்டிய விஷயங்களும் இருக்கின்றன. இரண்டையும் விவரமாகவே எழுதுகிறேன்.

மதுரைக்காரர்களுக்கு நடந்து பார்ப்பது ஒன்றும் புதிதில்லை. அழகர் மலையிலிருந்து இறங்கி வண்டியூர் போய்த் திரும்பும்வரை மண்டகப்படி மண்டகப்படியாகக் கூடவே நடக்கிற ஊர் இது. தேனூர் மண்டபத்தில் மண்டூக முனிவருக்குச் சாப விமோசனம், ராமராயர் மண்டபத்தில் விடிய விடிய தசாவதாரம், ஆவணி மூலத்தில் புட்டுத்தோப்பில் சொக்கர் மண் சுமப்பது என்று எல்லாமே கதை நடந்ததாகச் சொல்லும் இடத்துக்கே போய்ப் பார்ப்பவை. வடக்கே திருவண்ணாமலைப் பக்கம் பாரதக் கூத்தின் கடைசி நாளில் ஊரே படுகளத்துக்கு நடக்கும். இன்னொரு பக்கம், சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் பால சபா தொடங்கிய ஊரும் இதுதான். ஸ்பெஷல் நாடகத்துக்கு ராத்திரி பத்து மணிக்கு ஜமுக்காளத்தை விரித்து உட்கார்ந்தால் விடியும்வரை எழுந்திருக்காதவர்கள் இங்கே உண்டு. இந்தக் குழு இரண்டையும் சேர்த்துப் பார்த்திருக்கிறது.

சேர்ப்பதில் ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது. அழகர் போகிற வழியில் நாலு மண்டகப்படியை விட்டுவிட்டாலும் ஐந்தாவதில் பிடித்துக்கொள்ளலாம், கதை எல்லோருக்கும் தெரியும். வசனத்தில் ஓடுகிற நாடகம் அப்படியில்லை. ஒரு வாக்கியம் காதில் விழாவிட்டால் அடுத்தது புரியாது. எண்பது பேரையும் ஒரே நேரத்தில் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து, நிற்க வைத்து, கேட்க வைக்க வேண்டும். நடந்து பார்க்கும் நாடகம் பிழைப்பதும் படுப்பதும் இந்த இடத்தில்தான். நடிப்பெல்லாம் இதற்கு அப்புறம்.

இந்தக் குழு செய்த மிக நல்ல காரியம் கவுந்தியடிகளை வழிகாட்டியாக்கியது. பொதுவாக இந்த மாதிரி நிகழ்ச்சிகளில் தொடங்குவதற்கு முன் ஒருவர் மைக்கில் வந்து செல்போனை அணையுங்கள், வரிசையாக வாருங்கள், பள்ளம் பார்த்து வாருங்கள் என்று பத்து நிமிடம் பேசுவார். இங்கே அது இல்லை. ஆலமரத்தடியில் முதல் காட்சி முடிந்ததும் கவுந்தி கோவலனிடம் பேசத் தொடங்கி, பேச்சை அப்படியே நம் பக்கம் திருப்புகிறார். இது அவர்கள் கற்பனை இல்லை, நாடுகாண் காதையில் உள்ளது. சோலை வழியாகப் போனால் கிழங்கு அகழ்ந்த குழிகளை உதிர்ந்த பூ மூடிக் கிடக்கும், பூவென்று கால் வைத்தால் விழுவீர்கள். குழிக்குப் பயந்து நிமிர்ந்து நடந்தால் பலாப்பழம் முட்டும். மஞ்சளும் இஞ்சியும் படர்ந்த இடத்தில் பலாக்கொட்டை பரல்போலக் காலை உறுத்தும். வயல் வழியாகப் போனால் நண்டும் நத்தையும் காலடியில் சாகும், அந்தப் பாவத்தைத் தாங்க முடியாது. இளங்கோ எழுதிய இந்த எச்சரிக்கையோடு நான்கைந்து சொந்த வரி சேர்த்து, "ஒருவர் கால் வைத்த இடத்தில் அடுத்தவர் வையுங்கள், மடை வரும்போது முன்னால் போகிறவர் பின்னால் வருகிறவருக்குச் சொல்லுங்கள்" என்று முடிக்கிறார். பாதுகாப்பு அறிவிப்பு கதையாகவே காதில் ஏறிவிடுகிறது. அதன்பிறகு வரப்பில் நடக்கும்போது எண்பது பேரும் தரையைப் பார்த்துத்தான் நடக்கிறார்கள். சின்னப் பிள்ளைகள் நத்தையைக் கண்டால் நின்று சுற்றிப் போகிறார்கள்.

அந்த நல்ல தொடக்கத்தை இரண்டாவது இடத்தில் கோட்டை விடுகிறார்கள். ஆலமரத்திலிருந்து நெல்லடிக்கும் களத்துக்கு 350 மீட்டர், முக்கால்வாசி வரப்பு. வரப்பில் ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும். ஆளுக்கு ஒன்றேகால் மீட்டர் என்று வைத்தாலும் 80 பேர் வரிசை 100 மீட்டர் நீளும். அந்தி வெளிச்சத்தில் வரப்பு நடை மணிக்கு மூன்று கிலோமீட்டர், அதாவது நிமிடத்துக்கு 50 மீட்டர். முதல் ஆள் களத்தில் நின்ற பிறகு கடைசி ஆள் வந்து சேர இரண்டு நிமிடம் ஆகும். நன்றாக இருட்டிய பின் நடை மணிக்கு இரண்டு கிலோமீட்டராகக் குறையும், அப்போது மூன்று நிமிடம். குழுவோ முன்வரிசை கூடியதும் ஒரு நிமிடத்துக்குள் ஆரம்பித்துவிடுகிறது.

களத்தில் நடப்பது வம்பப் பரத்தையும் வறுமொழியாளனும் வந்து கண்ணகியையும் கோவலனையும் இழித்துப் பேச, கவுந்தி அவர்களை நரியாகச் சபிக்கும் காட்சி. பின்னால் வருகிற முப்பது பேர் வந்து சேரும்போது இழிசொல் முடிந்து சாபம் ஓடிக்கொண்டிருக்கிறது. நண்டையும் நத்தையையும் மிதிக்காதே என்று சொன்ன துறவி எதற்கு இரண்டு பேரை நரியாக்குகிறார் என்பது அவர்களுக்குப் புரியாது. கவுந்தி என்ற பாத்திரமே அந்த முப்பது பேருக்குக் கோணலாகப் பதிந்துவிடுகிறது. இதைச் சரிசெய்ய ஒரு பைசா செலவில்லை. அந்த இரண்டு பேரும் களத்தில் காத்திருக்காமல் வரிசையின் வால் பக்கமிருந்து கேலி பேசிக்கொண்டே வந்தால் போதும். கடைசி ஆள் களத்துக்குள் வரும்போதுதான் அவர்களும் வருவார்கள், இழிசொல் எல்லோர் காதிலும் விழுந்திருக்கும். அதுவரை பார்க்கிறவர்கள் செய்யக்கூடியது, வரிசையில் முன் பாதியில் இடம் பிடிப்பது. இந்த ஒரு நடைக்காவது.

களத்திலிருந்து பாறைக்கு 600 மீட்டர். இங்கேதான் இருட்டுகிறது. மாசியில் சூரியன் ஆறரையை ஒட்டி மறையும், அதற்குமேல் இருபது நிமிடம் போல வானத்தில் வெளிச்சம் இருக்கும். நரிகளின் ஊளை பின்னால் கேட்டுக்கொண்டே வர, வெளிச்சம் போய்க்கொண்டே இருக்க, பாறை முகப்பில் வைக்கோல் தீ தெரிகிறது. தீயின் பக்கத்தில் மூன்று பேர் உட்கார்ந்து தப்பு என்கிற பறையைக் காய்ச்சிக்கொண்டிருக்கிறார்கள். தீயை நோக்கித் தோலைக் காட்டி, வட்டமாகத் திருப்பி, விரல் கணுவால் தட்டிக் கேட்டு, மறுபடி காட்டி. முதலில் தொப்பென்று விழுகிற சத்தம் மூன்றாவது தடவையில் கணீரென்று எழும். மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள், தோலை விடுமா? ஈரம் ஏறினால் தோல் தளர்ந்து ஓசை செத்துவிடும். பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை காய்ச்சியே தீர வேண்டும். அந்த வேலையை மறைக்காமல் காட்சியின் முதல் ஐந்து நிமிடமாகவே வைத்துவிட்டார்கள். வரிசையின் வால் வந்து சேருவதற்கும் நேரம் கிடைக்கிறது. களத்தில் தவறியதற்கு விடை அவர்கள் கையிலேயே இருக்கிறது.

பாறையடியில் வேட்டுவ வரி. வேட்டுவர் குலத்துச் சாலினிமேல் தெய்வமேறி, யாரென்றே தெரியாத வழிப்போக்கப் பெண்ணைத் தென்தமிழ்ப் பாவை என்று போற்ற, கண்ணகி வெட்கி, மூதறிவாட்டி ஏதோ மயங்கிப் பேசுகிறாள் என்று கணவன் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கும் இடம். சாலினியாக வரும் நடிகை கத்துவதில்லை. முதல் வரி சாதாரணப் பேச்சாக வருகிறது, மூச்சு மட்டும் மாறுகிறது. உருமி மேளத்தின் இடது முகத்தில் வளைந்த குச்சி இழுபடும்போது ஒரு முனகல் எழுமே, அந்த முனகல் அவர் நெஞ்சிலிருந்து வருவதுபோல இருக்கிறது. உருமிக்காரர் தோலில் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டே இருப்பதைப் பக்கத்தில் நின்றால் பார்க்கலாம். அந்தப் பிசுபிசுப்பு இல்லாவிட்டால் குச்சி வழுக்கிவிடும், முனகல் வராது.

ஒரு முன்னெச்சரிக்கை. நம் பக்கத்தில் உருமி உச்சத்துக்குப் போனால் பார்க்கிறவர்களில் யாருக்காவது அருள் வந்துவிடுவது வழக்கம்தான். குழு இதை எதிர்பார்த்தே இருக்கிறது. ஊர்க்காரப் பெண்கள் இரண்டு பேர் திருநீறும் தண்ணீருமாக வலது ஓரத்தில் நிற்கிறார்கள், கூட்டத்தைப் பிடித்து விலக்குவதற்கு ஆள் இருக்கிறது. நாடகத்தை நிறுத்துவதில்லை, அடியை மட்டும் இறக்குகிறார்கள். அப்படி வரக்கூடியவர் வீட்டில் இருந்தால் இடது பக்கம், உருமியிலிருந்து தள்ளி நிறுத்திக்கொள்ளுங்கள். பாறையில் ஏறி நிற்கவோ, வீடியோ எடுக்கவோ வேண்டாம்.

இந்தக் காட்சியில் மைக் இல்லை, தேவையும் இல்லை. திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் ஒலி 6 டெசிபல் இறங்கும். நாலு மீட்டரில் கேட்கிற குரல் பதினாறு மீட்டரில் 12 டெசிபல் குறைந்திருக்கும். நடிகருக்குப் பின்னால் பாறை இருந்தால் கதை வேறு. பாறைக்குத் திரும்பிப் போகும் குரலும் நம்மிடமே வந்து சேரும். பாறைக்கும் நடிகருக்கும் இடையில் எட்டு மீட்டருக்குள் இருக்கும்வரை எதிரொலி ஐம்பது மில்லி செகண்டுக்குள் வந்துவிடும், காது அதைத் தனிச் சத்தமாகப் பிரிக்காமல் முதல் சத்தத்தோடு சேர்த்துக் கேட்கும். அதற்குமேல் தள்ளி நின்றால் சொல் இரட்டிக்கும். சாலினி மூன்று மீட்டருக்குள்ளேயே நிற்கிறார், கடைசி வரிசையில் ஒரு எழுத்து சிதறாமல் கேட்கிறது. ஒத்திகையை வேறெங்கோ நடத்திவிட்டு வந்தவர்களால் இதைச் செய்ய முடியாது. அந்தப் பாறையிலேயே பல ராத்திரி நின்று பேசிப் பார்த்திருக்க வேண்டும்.

இவ்வளவு தெரிந்தவர்கள் நாலாவது இடத்தில் பெட்டி ஸ்பீக்கரை வைத்திருப்பதுதான் வருத்தம். பனைக்கூட்டத்தின் நடுவே கோவலன் பாணர்களோடு உட்கார்ந்து யாழ் தொட்டுப் பாடுகிறான். சட்டைக்காலர் மைக் இல்லாமல் பாட்டு எட்டாது என்று நினைத்துவிட்டார்கள் போல. கோவலன் நமக்கு வலது பக்கம் உட்கார்ந்திருக்கிறான், குரல் இடது பக்கப் புதரிலிருந்து வருகிறது. கண் ஒரு பக்கம், காது ஒரு பக்கம். மூன்று இடங்களில் வெறுங்குரலைக் கேட்டுப் பழகிய காதுக்குப் பாட்டு ரேடியோவில் கேட்பதுபோல ஆகிவிடுகிறது. பத்தடி முன்னால் வந்து உட்கார்ந்து, பார்ப்பவர்களை அரைவட்டமாகத் தரையில் உட்கார வைத்தால் ஸ்பீக்கரே வேண்டாம். எண்பது பேர் நான்கு வரிசை அரைவட்டமாக உட்கார்ந்தால் கடைசி வரிசை பாடகரிடமிருந்து பத்து மீட்டரைத் தாண்டாது. அதுவும் முடியாது என்றால் ஸ்பீக்கரைக் கோவலன் முதுகுக்குப் பின்னால் வைக்கலாம். குறைந்தபட்சம் குரலாவது ஆள் இருக்கும் திசையிலிருந்து வரும்.

ஆனால் இடத்தேர்வு அருமை. ராத்திரி ஏற ஏறத் தேனி ரோட்டு லாரிச் சத்தம் பகலைவிடத் தெளிவாகக் கேட்கும். பகலில் தரை சூடாக இருப்பதால் ஒலி மேல்நோக்கி வளைந்து போய்விடும். ராத்திரி தரை குளிர்ந்து மேலே காற்று சூடாக நின்றால் ஒலி கீழ்நோக்கி வளைந்து தூரத்து ஹாரன் பக்கத்தில் கேட்கும். நாடகத்தில் மிக மெல்லப் பேசும் காட்சியைக் கண்மாய்க் கரையின் மறுபக்கம், பள்ளத்தில் வைத்திருக்கிறார்கள். கரை மதில்போல நின்று ரோட்டுச் சத்தத்தைத் தடுக்கிறது.

அந்தக் காட்சி மாதவி ஓலையோடு அனுப்பிய கோசிகமாணி வருவது. இதைச் சொல்லிவிட்டால் போகிறவர்களுக்குச் சுவை குறையும் என்பதால் பாதிதான் சொல்கிறேன். ஆலமரத்தடியிலிருந்தே கூட்டத்தோடு கூட்டமாக ஒருவர் வந்துகொண்டிருக்கிறார். நம்மில் ஒருவர் என்றுதான் நினைப்போம். வாடிய மாதவிக் கொடியைப் பார்த்து அவர் பேசத் தொடங்கும்போதுதான் இத்தனை தூரம் நம் தோளோடு தோளாகத் தேடி வந்தவர் யாரென்று தெரியும். கோவலன் பிரிந்ததும் வாடிய மாதவியைப்போல நீயும் இந்த வேனிலுக்கு வாடினாயோ என்று கொடியிடம் அவன் கேட்பது மூலத்தில் உள்ளதுதான். அதைக் கோவலன் கேட்டுத் திரும்புகிறான். ஓலை கைமாறுகிறது. முத்திரையைப் பிரிப்பதற்கு முன் மூக்கருகே கொண்டுபோகிறான். மாதவியின் கூந்தல் நெய் மணக்கிறது. கோவலனுக்குப் பின்னால் கண்ணகி, கொஞ்ச நேரம் தரையைப் பார்க்கிறாள், பிறகு தன் கால் சேற்றைத் துடைக்கக் குனிகிறாள். இந்த இடத்தில் யாரும் செருமுவதுகூட இல்லை.

கண்ணகியாக நடிப்பவர் மூன்று மணி நேரமும் வெறுங்காலோடு நடக்கிறார். பாதையை முன்கூட்டியே பெருக்கி முள் பொறுக்கி வைத்திருந்தாலும் நடை நிஜமானதுதான், களைப்பும் நிஜம். ஒரு சின்ன விஷயத்தைக் கவனியுங்கள். முதல் இடத்தில் கோவலன் தோளில் கிடக்கும் துண்டு சலவை வெள்ளை. வழி நெடுக அவள் அந்தத் தோளில் கைவைத்துத்தான் நடக்கிறாள். பனைக்கூட்டத்தில் பந்த வெளிச்சத்தில் பார்த்தால் துண்டில் நான்கு விரல் பதிந்த மஞ்சள் கறை. எந்த ஒப்பனைக்காரரும் வைத்ததில்லை, நடந்ததால் வந்தது. முன்வரிசையில் நின்றால்தான் தெரியும்.

வெளிச்சத்துக்குத் தீவட்டிதான், எல்.இ.டி. விளக்கு கடைசி இடமான கலுங்கில் மட்டும் இரண்டு. பந்தத்துக்குப் பழைய பருத்தி வேட்டித் துணி சுற்றிக் கட்டுக்கம்பியால் இறுக்கியிருக்கிறார்கள். பாலியஸ்டர் கலந்த துணி என்றால் உருகிச் சொட்டும், சொட்டு எரிந்துகொண்டே விழும், காய்ந்த புல்லில் அது போதும். மண்ணெண்ணெய் இல்லை, வேப்பெண்ணெய் வாசம்தான் வருகிறது, புகையும் குறைவு. ஒவ்வொரு தீவட்டிக்காரரோடும் எண்ணெய்ச் செம்போடு ஒருவர், மணல் வாளியோடு ஒருவர். மாசியில் காற்று பெரும்பாலும் கிழக்கிலிருந்து வரும், தீவட்டிகள் எப்போதும் மேற்கு ஓரத்தில் போகின்றன, பொறி நம்மேல் விழுவதில்லை. இந்த ஒழுங்கு மெச்சத்தக்கது.

அந்த வெளிச்சம் கண்ணுக்குப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். பழகிவிட்டால் நிலாவிலேயே வரப்பு துல்லியமாகத் தெரியும். யாராவது ஒருவர் மெசேஜ் பார்க்கச் செல்போன் திரையைத் திறந்தால், பக்கத்தில் நிற்கும் நாலைந்து பேருக்கும் மறுபடி முதலிலிருந்து. டார்ச் தேவைப்படுகிறவர்கள் அதன் கண்ணாடியில் சிவப்புக் கண்ணாடித் தாள் ஒட்டிக்கொண்டு வாருங்கள், சிவப்பு வெளிச்சம் கண்ணின் இருட்டுப் பழக்கத்தை அவ்வளவாகக் கெடுக்காது. குழு இந்தத் தாளை டிக்கெட்டோடு கொடுத்துவிடலாம், ஐந்து ரூபாய்க்குமேல் ஆகாது.

கடைசி இடம் கலுங்கு. கண்மாயின் உபரித் தண்ணீர் வழியும் கல்வரிசை, அகலமான படி மாதிரி இருக்கும், உட்கார்ந்து பார்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது. எதிரே தண்ணீர். வையை பூவால் உடம்பை மூடிக்கொண்டு, இவர்களுக்கு வரப்போவதை அறிந்து, கண்ணீரை மறைத்துப் போனாள் என்பார் இளங்கோ. யானை முகம், குதிரை முகம், சிங்க முகம் வைத்த அம்பி என்னும் ஓடங்கள் போகும் பெருந்துறையை விட்டு, மரப்புணையில் மூன்று பேரும் ஏறுகிறார்கள். இங்கே வாழைத்தண்டுத் தெப்பம். இடுப்பளவுத் தண்ணீர்தான், கயிறு கட்டி மறுகரையிலிருந்து இழுக்கிறார்கள், தண்ணீருக்குள் இரண்டு பேர் நிற்கிறார்கள். மறுகரையில் மூங்கிலில் வெள்ளைக் கொடிகள். மதுரைக் கோட்டைக் கொடிகள் வராதே வராதே என்று கைகாட்டி மறித்த அந்த வரிக்காகத்தான் இத்தனை தூரமும் நடந்து வந்திருக்கிறோம். தெப்பம் நடுத்தண்ணீரில் போகும்போது தப்பும் உருமியும் நின்றுவிடுகின்றன. துணி படபடக்கும் சத்தம் மட்டும். காற்றில்லாத ராத்திரியில் பையன்கள் மூங்கிலை ஆட்டுகிறார்கள், அப்போது கொடி எல்லாம் ஒரே தாளத்தில் ஆடி ஆள் ஆட்டுவது தெரிந்துவிடுகிறது. ஒவ்வொருவரும் தன் போக்கில், முன்பின்னாக ஆட்டச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

கதையை அந்த இடத்தில் நிறுத்தியது சரியான முடிவு என்பது என் கருத்து. கொலையும் வழக்கும் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தவர்கள் எண்பது பேர் கரையில் உட்கார்ந்திருக்க, தெரியாத மூன்று பேர் தண்ணீரைத் தாண்டிப் போகிறார்கள். இதற்குமேல் ஒரு காட்சி சேர்த்தாலும் இது மங்கிவிடும்.

இனி போகிறவர்களுக்கு. செருப்பு முக்கியம். ரப்பர் செருப்பு வேண்டவே வேண்டாம், சீமைக்கருவேல முள் அடியில் ஏறி மேலே வரும், உள்ளேயே ஒடிந்தும் போகும். அடி கெட்டியான ஷூ, இல்லையென்றால் டயர் செருப்பு. முழங்காலுக்குக் கீழ் மூடுகிற உடை நல்லது, வரப்போரம் நெருஞ்சி உண்டு. சேலை கட்டுகிறவர்கள் நாலு விரல் தூக்கிக் கட்டிக்கொள்ளுங்கள், மடையைத் தாண்ட இரண்டு இடத்தில் எட்டு வைக்க வேண்டியிருக்கும். பனிக்குத் தலைக்குத் துண்டோ மப்ளரோ. கொசு கலுங்கில்தான் அதிகம், மருந்தைக் கிளம்பும்போதே தடவிக்கொள்ளுங்கள். ராத்திரியில் விரியன் நடமாடும் இடம் என்பதால் வழிகாட்டிகள் முன்னால் தடியால் தரையைத் தட்டிக்கொண்டே போகிறார்கள். அவர்களை முந்தி யாரும் போகக்கூடாது, குறுக்கு வழியும் கூடாது.

கழிப்பறை தொடக்க இடத்தில் மட்டும்தான், இரண்டே இரண்டு. அதற்குப் பிறகு மூன்று மணி நேரம் எதுவும் இல்லை. 80 பேரில் பாதிக்குமேல் பெண்களாக வரும் நிகழ்ச்சிக்கு இது பெரிய குறை. பாறைக்கும் பனைக்கூட்டத்துக்கும் நடுவில் தட்டி வைத்தாவது ஒன்று அமைத்தே ஆக வேண்டும். இப்போதைக்கு ஐந்தரைக்கே போய்ச் சேர்ந்து, முடித்துக்கொண்டு நடையைத் தொடங்குங்கள். இதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் வருகிறவர்கள் பாறையருகே புகையில் தலைசுற்றி உட்கார்ந்துவிடுகிறார்கள், அதுவும் வேண்டாம். அரை லிட்டர் பாட்டில் ஒன்று கையில் இருக்கட்டும்.

முட்டி வலி உள்ள பெரியவர்களுக்கு வரப்பும் கரைச் சரிவும் சிரமம். கேட்டால் மூன்றாவது, ஐந்தாவது இடங்களுக்கு மட்டும் வண்டிப்பாதை வழியாக டிராக்டரில் கொண்டுபோய் விடுகிறார்கள். பதிவு செய்யும்போதே சொல்ல வேண்டும். சக்கர நாற்காலி கலுங்குக்கு மட்டும் போகும். பிள்ளைகளுக்கு எட்டு வயது ஆகியிருந்தால் கூட்டிப் போகலாம், அதற்குக் கீழ் என்றால் தூக்கிக்கொண்டு வரப்பில் நடப்பது ஆபத்து.

பெரியார் பஸ் ஸ்டாண்டிலிருந்து நாகமலை புதுக்கோட்டை வரை பஸ் தாராளமாகக் கிடைக்கும், அங்கிருந்து ஆட்டோ. ஆனால் முடியும்போது எட்டே முக்கால் ஆகிவிடும், அந்த நேரத்தில் அடிவாரத்தில் ஆட்டோ நிற்காது. போகிற ஆட்டோக்காரரிடமே திரும்பவும் வரச் சொல்லிவிடுங்கள். முடிந்ததும் கலுங்கோரம் ஊர்ப் பெண்கள் பருத்திப்பாலும் பணியாரமும் விற்கிறார்கள், டிக்கெட்டில் சேராது. பனியில் மூன்று மணி நேரம் நடந்தபின் சுக்கும் கருப்பட்டியும் போட்ட சூடான பருத்திப்பால் தொண்டையில் இறங்குவதற்குத் தனியாகக் காசு கொடுக்கலாம்.

முடிந்தவர்கள் மதியம் மூன்று மணிக்கே போய்ச் சமணர் மலையைப் பார்த்துவிட்டு வாருங்கள். அய்யனார் கோயிலும் தாமரைக் குளமும் அடிவாரத்தில். செட்டிப்புடவில் மகாவீரர், படியேறினால் பேச்சிப்பள்ளத்துச் சுனையருகே வரிசையாகத் தீர்த்தங்கரர் சிற்பங்கள், அடியில் வட்டெழுத்து. ஆயிரம் வருடத்துக்குமுன் கவுந்தியின் சமயத்தார் இருந்து தவம் செய்த மலை. அதைப் பார்த்த கண்ணோடு வந்தால், அன்று மாலை வரப்பில் மயிற்பீலி பிடித்து முன்னால் நடக்கும் அந்தத் துறவி வேறு மாதிரி தெரிவார்.

நாளைத் தேர்ந்தெடுப்பதிலும் விஷயம் இருக்கிறது. பௌர்ணமியை ஒட்டி ஐந்து நாள் போடுகிறார்கள், எல்லோரும் பௌர்ணமி அன்றைக்கே டிக்கெட் கேட்கிறார்கள். பௌர்ணமியன்று நிலா சூரியன் மறையும் நேரத்தில்தான் எழும், வேட்டுவ வரி முடியும்வரை மலைக்கும் மரத்துக்கும் பின்னால் தாழ்வாகவே கிடக்கும். அதற்கு அடுத்த ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் பிந்தும். பௌர்ணமி கழிந்த இரண்டாம் நாள் போனால் கலுங்குக்கு வந்த பிறகுதான் நிலாவைப் பார்ப்பீர்கள், நடை முழுக்க இருட்டு. பௌர்ணமிக்கு இரண்டு நாள் முன்பாகப் போங்கள். சூரியன் மறையும்போதே நிலா கிழக்கே நன்றாக மேலேறியிருக்கும், களத்திலிருந்து கலுங்குவரை வரப்பு தெரியும், தெப்பம் போகும்போது தண்ணீரில் வெளிச்சம் விழும். அந்த நாளுக்கு டிக்கெட்டும் சுலபமாகக் கிடைக்கிறது.